மூன்று மாத்திரை, 168 நாள்

ஜனவரி 6, 2025, திங்கள்

என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்து இரண்டு மாதம் ஆகிறது. தீபாவளி முடிந்த கையோடு தொடங்கியது. தறிக்காரர் வீட்டில் இருமல் புதிதா என்ன, நூல் தூசு என்று விட்டுவிட்டோம். பக்கத்தில் ஒரு டாக்டரிடம் மூன்று முறை போனோம். ஒவ்வொரு முறையும் ஓர் ஊசி, ஒரு டானிக், ஐந்து நாளைக்கு மாத்திரை. மாத்திரை போடுகிற வாரம் காய்ச்சல் அடங்கும், அடுத்த வாரம் சாயங்காலமானால் திரும்ப உடம்பு கதகதக்கும். நேற்று ராத்திரி துப்பியதில் சிவப்பாக ஒரு கோடு. இவர் அதைக் காலால் மண் தள்ளி மூடப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன்.

இன்று காலை குடியாத்தம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். "எத்தனை நாளா இருமல்?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு வாரம் தாண்டினாலே சளியைப் பார்த்துவிட வேண்டுமாம். நாங்கள் போனது எட்டு வாரத்துக்கு மேல் கழித்து.

ஒரு சின்ன டப்பா கொடுத்து வெளியே மரத்தடியில் போய் எடுத்து வரச் சொன்னார்கள். இவர் கொண்டுவந்ததைப் பார்த்த லேப் அக்கா, "இது எச்சில்ணா. வாயைக் கொப்பளிச்சிட்டு, மூச்ச நல்லா இழுத்து ரெண்டு தரம் விட்டுட்டு, அடிநெஞ்சுல இருந்து இருமி எடுங்க" என்று மறுபடி அனுப்பினார். இரண்டாவது தடவை சரியாக வந்தது. நாளை காலை எழுந்ததும், எதுவும் சாப்பிடும் முன் எடுக்க இன்னொரு டப்பா கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேவும் எடுத்தாயிற்று. ஒரு ரூபாய் கேட்கவில்லை.

ஜனவரி 8, புதன்

டிபிதான், காசநோய்.

ட்ரூநாட் என்ற மெஷினில் பார்த்தார்களாம். கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்கிற முக்கியமான மருந்துக்கு அது அடங்குமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. அடங்கும் என்று வந்திருக்கிறது. "அது நல்ல சேதிம்மா" என்றார் டாக்டர். எனக்கு அப்போது எதுவும் நல்ல சேதியாகப் படவில்லை.

பழைய மாத்திரை அட்டைகளைப் பையில் வைத்திருந்தேன். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அட்டையில் நின்றார். இந்த வகை மருந்து டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும், அதனால் குணமானது போலக் காட்டி நோயை மறைத்துவிடும் என்றார். அந்த ஐந்து நாள் காய்ச்சல் குறைந்ததற்கு நான் சாமிக்கு விளக்கேற்றியது ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. சளியை ஒருமுறை பார்த்திருந்தால் நவம்பரிலேயே தெரிந்திருக்கும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் தயவுசெய்து டானிக்கோடு நிற்காதீர்கள்.

ஜனவரி 9, வியாழன்

இன்று முதல் நாள். எடை 47 கிலோ. எடைக்குத் தகுந்தபடி தினம் மூன்று மாத்திரை, ஒவ்வொன்றிலும் நான்கு மருந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு மாதம் இது, அப்புறம் நான்கு மாதம் மூன்று மருந்து உள்ள மாத்திரை. மாதத்துக்கு 28 நாள் கணக்கு, மொத்தம் 168 நாள்.

மாத்திரை கொடுக்கும் முன் உயரம் அளந்தார்கள், விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்கள், கால் வீங்கியிருக்கிறதா, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்தார்கள். மோசமாக மெலிந்தவர்களையும் மூச்சுத் திணறுகிறவர்களையும் முதல் நாளே கண்டுபிடித்து வார்டில் சேர்ப்பதற்காம். 2022 முதல் தமிழ்நாட்டில் இப்படி நடக்கிறது; காசநோய் இறப்பில்லா திட்டம் என்று பெயர். இவர் மெலிவுதான், ஆனாலும் வீட்டிலிருந்தே சாப்பிடலாம் என்றார்கள். சர்க்கரையும் எச்ஐவியும் பார்த்தார்கள். எச்ஐவி என்றதும் இவர் முகம் சுருங்கிப் போனது. "டிபி வந்த எல்லாருக்கும் எடுக்கிறதுதான்" என்று நர்ஸம்மா தோளைத் தட்டினார். இரண்டும் இல்லை.

ராத்திரி பத்து மணிக்குக் கொல்லையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். குரல் நடுங்கியது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில், லுங்கி நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீர் மாதிரி. ரத்தம் என்று நினைத்துவிட்டார். ரிஃபாம்பிசினுக்கு அப்படித்தான் போகும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். பதற்றத்தில் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

அத்தை இவருக்குத் தனித் தட்டும் டம்ளரும் எடுத்து வைத்துவிட்டார். கேட்டால் அழுகிறார். அத்தையின் தாய்மாமாவுக்கு இதே நோய். "எங்க மாமாவ ஆரோக்கியவரத்துக்கு இட்டுனு போனாங்க. பலமநேர் வழியா பஸ்ஸு. அப்புறம் நான் அவர பாக்கவே இல்ல கண்ணு." மதனப்பள்ளி பக்கத்தில் 1915-ல் தொடங்கிய சானடோரியம் அது, டிபிக்காரர்களைத் தங்க வைத்துப் பார்க்கும் மருத்துவமனை. நம் வட ஆற்காட்டிலிருந்து அந்தக் காலத்தில் எத்தனை குடும்பம் அந்த பஸ்ஸில் போயிருக்கும்.

தூக்கம் வராமல் போனில் தேடிப் படித்தேன். சென்னையில் 1956-ல் ஒரு ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறார்கள். நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்து, மறு பாதிக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். வீடு என்றால் நெருக்கடியான ஏழை வீடுகள், சாப்பாடும் குறைவு. 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்க டிபிக்காரர்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் வழக்கத்துக்கு நம் சென்னைதான் வழி காட்டியிருக்கிறது. காலையில் இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். நோய் காற்றில்தான் பரவும், தட்டிலும் டம்ளரிலும் இல்லை என்று நர்ஸம்மா சொன்னதையும் சொன்னேன். அத்தை எல்லாவற்றையும் கேட்டார். டம்ளர் மட்டும் அங்கேயே இருக்கிறது. இவர் மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் படுக்கிறார்.

ஜனவரி 13, திங்கள்

எனக்கும் அத்தைக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பாப்பாவுக்கு நான்கு வயது. அவளுக்கு நோய் இல்லை, ஆனாலும் வராமல் தடுக்க ஆறு மாதம் தினம் ஐசோனியசிட் என்ற டிபி மருந்து கொடுக்க வேண்டும். "பொறந்தப்பவே பிசிஜி தடுப்பூசி போட்டோமே" என்றேன். குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சல் மாதிரி கடுமையான டிபி வராமல் அது நன்றாகக் காக்கும், வீட்டிலேயே நோயாளி இருக்கும்போது அது மட்டும் போதாது என்றார்கள். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். இன்று போகி.

ஜனவரி 22, புதன்

வீட்டைப் பார்க்க டிபி பிரிவு ஊழியர் வந்தார், டிபி சார் என்போம். நான் பயந்தது இதற்குத்தான். எங்கள் தெருவில் வாசலில் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றாத வீடே இல்லை. ஒரு பைக் வந்து நின்றால் இருபது தலை திரும்பும். முன்னாடியே போனில் கெஞ்சியிருந்தேன். வண்டியைக் கோயிலிடம் விட்டுவிட்டு, கையில் பை கூட இல்லாமல், சொந்தக்காரர் மாதிரி நடந்து வந்து, "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டபடி உள்ளே வந்தார். அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும். இவருக்குக் குமட்டல் இருப்பதைக் கேட்டுக்கொண்டு, கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தார். மஞ்சள் தெரிந்தால் மறுநாள் வரை காத்திராமல் உடனே வர வேண்டும், சும்மா குமட்டலுக்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார்.

சத்துணவுக்கு அரசு தரும் மாதம் 1000 ரூபாய் இன்னும் வரவில்லை. எங்கள் வங்கிக் கணக்கு ரொம்ப நாளாக ஓடாமல் முடங்கிக் கிடந்ததாம். இரண்டு நாள் கூலி போய் அதைச் சரிசெய்தோம்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு மாத முடிவில் எடுத்த சளியில் கிருமி இல்லை. எடை 50. அத்தை முட்டையும் வேர்க்கடலையும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

மே 15, வியாழன்

வைகாசி ஒன்று, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில். இவரும் பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு சிரசு ஊர்வலம் பார்த்தார். ஜனவரியில் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். திரும்பி வந்து மோர் கேட்டார், அத்தை தன் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார், நானும் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

நேற்று 168-வது நாள். கடைசிச் சளியிலும் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் வலது மேல் பக்கம் ஒரு தழும்பு நிற்கிறது, அது நோய் இல்லை என்றார்கள். இன்னும் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்ட வேண்டும்.

ஆறு மாதமாகத் தறிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. இன்று இவரே சொல்லிவிட்டு வந்தார். அடுத்த தறியில் நெய்கிறவர் மூன்று வாரமாக இருமுகிறாராம். "எனக்கும் தூசுன்னுதாண்டா சொன்னாங்க" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாராம். அந்த ஆள் தறி நாடாவை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லையாம். பிறகு, "எந்த வாசல்ல போகணும்?" என்று கேட்டிருக்கிறார்.

நாளை காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் சைக்கிளில் போகிறார்கள். அடிநெஞ்சிலிருந்து இருமி எடுப்பது எப்படி என்று இவர் வாசலிலேயே செய்து காட்டிக்கொண்டிருந்தார். பாப்பாவுக்கு இன்னும் 15 மாத்திரை இருக்கிறது.