"புரிஞ்சுதா?" என்று கேட்ட பிறகு

18 வருடமாகக் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் மாணவர்களுக்கு இயக்கவியல் எடுக்கிறேன். என் வகுப்பை நானே கேட்டது 14-ஆவது வருடத்தில்தான். மாணவர்களிடம் சொல்லிவிட்டு, செல்போனில் ரெக்கார்டரைப் போட்டு மேசைமேல் வைத்தேன். ராத்திரி வீட்டில் கேட்டபோது முதலில் உறைத்தது, "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு நான் ஓடும் வேகம். மறுநொடியே "சரி, அடுத்து" என்று போயிருக்கிறேன். கேள்வி கேட்டால் பதிலையும் நானே சொல்லி முடித்திருக்கிறேன். என் வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை என்று ஸ்டாஃப் ரூமில் வருடக்கணக்காகக் குறைபட்டிருக்கிறேன். அவர்கள் வாய் திறக்க நான் இடமே கொடுக்கவில்லை.

தன் வகுப்பைத் தானே ஆராய்வது பள்ளி ஆசிரியர்களுக்குப் புதிதில்லை. பி.எட். படிக்கும்போதே செயலாய்வு என்று ஒன்றைச் சொல்லித் தருகிறார்கள். தன் வகுப்பில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து, ஒன்றை மாற்றி, என்ன நடக்கிறது என்று கவனித்து, மறுபடி மாற்றிப் பார்ப்பது. உளவியலாளர் குர்ட் லெவின் 1946-இல் அந்தப் பெயரில் எழுதிய வழி. கல்லூரிக்கு நாங்கள் நெட், செட் தகுதித் தேர்வுகள், பிஎச்.டி. என்று வேறு வாசலால் வருகிறோம். மெல்லிய படலங்களைப் பற்றி ஐந்து வருடம் ஆய்வு செய்தேன். மூன்று முறை எடுக்காத அளவீட்டை நம்பமாட்டேன். தினமும் நிற்கிற வகுப்பறையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூடக் குறித்து வைத்ததில்லை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இந்த அவசரத்தை அளந்திருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருப்பது சுமார் ஒரு நொடி. அதை மூன்று நொடியாக நீட்டினாலே பதில்கள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள். மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். மூன்று நொடி எவ்வளவு நீளம் என்பது கரும்பலகை முன்னால் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் துண்டுச்சீட்டு. நியூட்டனின் மூன்றாம் விதியை (ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு) நடத்தி முடித்த அன்று, கடைசி ஐந்து நிமிடத்தில் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தேன். மணல் லாரியும் பைக்கும் மோதுகின்றன; எது எதன்மேல் அதிக விசை கொடுக்கிறது? அதற்கு முன்னால் என் நோட்டில், "முக்கால்வாசிப் பேர் சரியாக எழுதுவார்கள்" என்று எழுதி வைத்தேன். இப்படி எழுதி வைக்காவிட்டால், எந்த முடிவு வந்தாலும் நான் நினைத்ததுதான் என்று மனம் சொல்லிவிடும். பெரும்பாலான சீட்டுகளில் லாரி. ஒன்றில் முதல் வரியில் விதி, எழுத்துப் பிசகாமல். அடுத்த வரியில், "ஆனாலும் லாரிதான், ஏன்னா நொறுங்குறது பைக்தானே."

அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். எழுதியவர் விசையையும் அதன் விளைவையும் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார். விசை சமம்தான், நிறை குறைவு என்பதால் பைக்குக்கு முடுக்கம் அதிகம். இரண்டாம் விதியை அங்கே கொண்டுவராதது நான். ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் இதுபோன்ற கேள்விகளைத் தன் மாணவர்களிடம் கொடுத்தபோது, "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?" என்று ஒருவர் கேட்டாராம். மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவிடும் முறையை அவர் அதற்குப் பிறகுதான் வளர்த்தெடுத்தார்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். சீட்டில் பெயர் கூடாது. இன்டர்னல் மார்க் என் கையில் இருக்கும்போது, பெயர் போட்டு எழுதுபவர் எனக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார். கட்டுரையாக வெளியிடுவதென்றால் அவர்கள் சம்மதம் வேண்டும்; மறுத்தால் மார்க் குறையாது என்று அவர்கள் நம்பவும் வேண்டும்.

இந்தப் பருவத்தில் லாரிக் கேள்வியை முதலில் கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு, கடைசியில்தான் விதிக்கு வந்தேன். சீட்டுகளில் லாரி குறைந்திருக்கிறது. வரிசையை மாற்றியதாலா, அவர்கள் பேசிக்கொண்டதாலா, இந்த பேட்ச்சே வேறா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியது என் தவறு. அடுத்த வருடம் வரிசையை மட்டும் மாற்றிப் பார்க்கப் போகிறேன். முன்கணிப்பை இப்போதே நோட்டில் எழுதிவிட்டேன்.