பதினான்காம் நாள் எல்லோருக்கும் இல்லை

ஜூன் 4
பீரியட்ஸ் மூன்றாம் நாள். குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். கருமுட்டை வெளிவந்த பிறகு உடல் வெப்பம் சற்று ஏறும் என்பதால், அது எந்த நாள் என்று அறிய தினமும் வெப்பத்தைக் குறித்து வைக்கிறேன். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்குப் போதாது. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டுவதாக ஒன்று வாங்கியாயிற்று. கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன்பே, நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். தினமும் ஒரே நேரம். இன்று 97.21 டிகிரி.

ஜூன் 11
97.68. மாமாவுக்கு முடியவில்லை என்று இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தொடர்ந்து மூன்று மணி நேரமாவது தூங்காவிட்டால் அளவை நம்ப முடியாது. வட்டம் போட்டு விட்டுவிட்டேன்.

ஜூன் 15
இன்று பதினான்காம் நாள். கருமுட்டை வெளிவருவது இன்றுதான் என்று அத்தை முதல் ஆபீஸ் தோழி வரை எல்லோரும் சொல்கிறார்கள். அது 28 நாள் சுழற்சிக்குப் பொருந்தும். எனக்கு 34, 35 நாள் ஆகும். அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்பு முட்டை வெளிவருகிறது என்று 1920களிலேயே ஜப்பானிய மருத்துவர் ஓகினோ கண்டறிந்துவிட்டார். அப்படிப் பார்த்தால் எனக்கு இன்னும் நாள் இருக்கிறது. அளவும் கீழேதான் நிற்கிறது.

ஜூன் 20
வெள்ளைப்படுதல் இன்று முட்டையின் வெள்ளைக்கரு போல இழுபடுகிறது. முக்கியமான நாட்கள் இவைதான். முட்டை வெளிவந்த பிறகுதான் வெப்பம் ஏறும்; முட்டைக்கு ஆயுள் அதிகம் போனால் ஒரு நாள். விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். வெப்பம் ஏறட்டும் என்று காத்திருந்தால் அந்த மாதம் போய்விடும்.

முட்டை வெளிவந்ததா என்று அறிய, அதன் பின் கூடும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனை ரத்தத்தில் பார்ப்பார்கள். அந்த 21ஆம் நாள் பரிசோதனைக்கு நாளை மறுநாள் வரச் சொல்லியிருந்தார்கள். அட்டவணையைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு, வெப்பம் ஏறி ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார். நீண்ட சுழற்சி உள்ள எத்தனை பெண்கள் 21ஆம் நாளே ரத்தம் கொடுத்துவிட்டு, ‘முட்டையே வரவில்லை’ என்று கேட்டு அழுதிருப்பார்கள்!

ஜூன் 25
97.81, 97.88, இன்று 97.92. முந்தைய ஆறு நாளும் 97.4ஐத் தாண்டவில்லை. ஆறு நாள் அளவுகளை விடத் தொடர்ந்து மூன்று நாள் உயர்ந்திருந்தால் முட்டை வெளிவந்துவிட்டது என்று கொள்ளலாம். அதன் பின் சுரக்கும் புரோஜெஸ்டிரான்தான் உடம்பைச் சூடாக்குகிறது. அவரை எழுப்பிக் காட்டினேன். இருவருக்கும் அப்புறம் தூக்கம் வரவில்லை.

ஜூலை 1
சனிக்கிழமை கொடுத்த ரத்தத்தின் முடிவு வந்துவிட்டது. புரோஜெஸ்டிரான் 11 ng/mL. மூன்றைத் தாண்டினாலே முட்டை வெளிவந்ததற்கு அடையாளம். அடுத்து அவருக்கு விந்தணுப் பரிசோதனை. வெள்ளிக்கிழமை காலைக்கு அவரே நேரம் வாங்கிவிட்டார்.