இயற்பியல் துறையின் ஆண்டுச் செய்திகளைத் தொகுத்த அனுபவம்

பல்கலைக்கழக இயற்பியல் துறையொன்றில் கற்பிக்கும் பணியோடு, துறையின் செய்திகளையும் சாதனைகளையும் தொகுத்து ஆண்டுதோறும் மலராக வெளியிடும் பொறுப்பும் நெடுங்காலமாக என்னிடம் இருந்து வருகிறது. விருதுகள், ஆய்வு நிதி, முனைவர் பட்டங்கள், வெளியான கட்டுரைகள், புதிய கருவிகள், பணி ஓய்வுகள் என்று ஆண்டு முழுவதும் சேரும் தகவல்களைச் சரிபார்த்து எழுதுவது என் வேலை. இதை எழுத்தர் பணி என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் புதிதாகச் சேரும் மாணவர் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்த மலரைத்தான். இருபது ஆண்டுகள் கழித்துத் துறையின் வரலாற்றை எழுத முனைபவருக்கும் இதுவே ஆதாரமாக இருக்கும் என்பதால், இதில் எது இடம்பெறுகிறது, எது விடுபடுகிறது என்பதை நான் மிகுந்த கவனத்தோடு பார்க்கிறேன்.

சமர்ப்பிக்கப்பட்ட கட்டுரை, ஏற்கப்பட்ட கட்டுரை, வெளியான கட்டுரை ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதில் எங்கள் மலர் விட்டுக்கொடுப்பதில்லை. அதைவிடக் கடினமானது, ஆர்வமிக்க மாணவர்கள் எழுதித் தரும் குறிப்புகளில் வரும் ‘உலகிலேயே முதன்முறையாக’ என்ற தொடர். அத்தொடரைக் கண்டால் மாணவரை அழைத்து, எந்தப் பொருளில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு பிழை வரம்புக்குள் என்று கேட்பேன். பெரும்பாலும் அந்த உரையாடலின் முடிவில், தொடக்கத்தில் இருந்ததைவிடச் சிறியதும் உறுதியானதுமான ஒரு வாக்கியம் கிடைக்கும். துகள் இயற்பியலில் ஒரு கண்டுபிடிப்பை அறிவிக்க ஐந்து சிக்மா உறுதி (முடிவு தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று காட்டும் புள்ளியியல் அளவு) வேண்டும் என்ற மரபு காரணமின்றி வந்ததன்று. 2011 செப்டம்பரில் ஓபரா ஆய்வுக்குழு, ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னிலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ ஆய்வகத்துக்குச் சென்ற நியூட்ரினோக்கள் என்னும் மிக நுண்ணிய துகள்கள் ஒளியைவிட ஏறத்தாழ 60 நானோநொடி முன்னதாக வந்ததாகத் தோன்றுகிறது என்று அறிவித்தபோது, புள்ளியியல் கணக்குப்படி அந்த முடிவு ஐந்து சிக்மாவையும் தாண்டியே இருந்தது. அப்படியிருந்தும் அக்குழுவினர் தங்கள் அளவீட்டைப் பிறர் ஆராய வேண்டும் என்றே கேட்டனர். மறு ஆண்டு, சரியாகப் பொருத்தப்படாத ஒளியிழை வடம் ஒன்று முக்கியக் காரணமாக வெளிப்பட்டது. இந்த நிகழ்வை நான் புதிய மாணவர்களிடம் தவறாமல் சொல்வதுண்டு. செய்தித் தலைப்புகளில் அன்று காணாமற்போன தயக்கம், அவர்கள் எழுதும் குறிப்பில் இருந்தாக வேண்டும்.

அடுத்த கேள்வி, ஒரு சாதனையில் யாருடைய பெயர் இருக்க வேண்டும் என்பது. படிகப் பரப்புகளின் மின்னணு அமைப்பைப் பற்றி எங்கள் துறையினர் எழுதிய கட்டுரை ஒருமுறை நல்ல ஆய்விதழில் வெளியாயிற்று. தலைப்பையும் ஆசிரியர் பெயர்களையும் சேர்த்து இரண்டு வரியில் செய்தி முடிந்திருக்கும். அந்த ஆய்வு நடந்த மாதங்களில் நான் அந்த ஆய்வுக்கூடத்துக்கு அடிக்கடி போய்வந்தவன் என்பதால் இரண்டு வரியோடு நிறுத்த மனம் ஒப்பவில்லை.

இத்தகைய ஆய்வுக்கு மீ உயர் வெற்றிடம், அதாவது வாயு ஏறத்தாழ முழுமையாக வெளியேற்றப்பட்ட கலம், இன்றியமையாதது. அழுத்தம் 10⁻⁶ டார் (வளிமண்டல அழுத்தம் 760 டார்) அளவில் இருந்தால், தூய்மையாக்கிய பரப்பின்மீது ஏறத்தாழ ஒரே நொடியில் வாயு மூலக்கூறுகள் ஓர் அடுக்காகப் படிந்துவிடும். அதற்குப் பின் அளப்பதெல்லாம் அழுக்கின் அளவீடுதான். 10⁻¹⁰ டாருக்கு இறக்கினால் சில மணி நேரம் கிடைக்கும். எங்கள் கலத்தில் அழுத்தம் 10⁻⁸ அளவிலேயே நின்றுவிட்டது. கலத்தைச் சூடேற்றி, சுவர்களில் ஒட்டியிருந்த நீராவியை வெளியேற்றிய பின்னும் அது இறங்கவில்லை. எஞ்சிய வாயுவைப் பகுத்துப் பார்த்ததில் 18 என்ற நிறையில் இருந்த நீரின் உச்சம் தாழ்ந்திருந்தது. 28இலும் 32இலும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் காற்றில் உள்ள விகிதத்தில் நின்றன. எங்கோ கசிவு இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் துறையின் மூத்த தொழில்நுட்ப உதவியாளர். கசிவு காட்டும் கருவியைக் கலத்தோடு இணைத்து, மெல்லிய ஊசி முனையிலிருந்து ஹீலியத்தை ஒவ்வொரு பொருத்தின் மீதும் சிறிது சிறிதாகச் செலுத்தினார். அருகில் நின்ற மாணவர் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கலாமா என்று கேட்டார். “ஹீலியம் மேலே போகும் தம்பி. கீழே அடித்தால் மேலே இருக்கிற ஓட்டை காட்டிக்கொடுக்கும், நாம் கீழே தேடிக்கொண்டு நிற்போம்” என்றார் அவர். ஒரு பொருத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கருவியின் அளவு பழைய நிலைக்குத் திரும்பும் வரை காத்திருந்தார். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. மாலையில் கலத்தின் பின்புறத்துப் பொருத்து ஒன்றில் அளவு சட்டென்று உயர்ந்தது. கழற்றிப் பார்த்தபோது, செம்பு வளையத்தை அழுத்திப் பிடிக்கும் கூர்விளிம்பில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல் இருந்தது. அந்தப் பொருத்தை மாற்றி, மறுபடியும் சூடேற்றிய பின்னரே கட்டுரைக்குரிய அளவீடுகள் தொடங்கின. இவை அனைத்தையும் அவருடைய பெயரோடு அந்த ஆண்டு மலரில் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதினேன்.

இயற்பியலின் வரலாற்றில் இத்தகைய பெயர்கள் ஏராளம். 1911இல் நெதர்லாந்தின் லைடனில் பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வின் அருகே மறைந்ததை அளந்தவர் கில்ஸ் ஹோல்ஸ்ட். குளிரூட்டும் அமைப்பை உருவாக்கி இயக்கியவர் கெரிட் ஃப்ளிம். ஆய்வறிக்கைகள் ஆய்வகத் தலைவரான காமர்லிங் ஓனஸ் பெயரில் வந்தன. 1967இல் சீராகத் துடிக்கும் வானொலி அலைகளை அனுப்பும் விண்பொருளான பல்சாரின் துடிப்பை வரைதாளில் முதலில் கவனித்தவர் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல். 1974ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருடைய வழிகாட்டியான ஹியூவிஷுக்கும் ரைலுக்கும் சென்றது. இதற்கு மாறான முன்மாதிரியும் உண்டு. ஆல்பாத் துகள்கள் உலோகத் தகட்டில் பட்டுப் பின்னோக்கித் திரும்புவதை அறிவித்த 1909ஆம் ஆண்டுக் கட்டுரையை கெய்கரும், பட்டப்படிப்பைக்கூட முடித்திராத மார்ஸ்டனும் தங்கள் பெயரிலேயே எழுதினார்கள். ஆய்வகத்தின் தலைவரான ரதர்ஃபோர்டின் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. சி.வி. இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து 1928இல் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பு இருவர் பெயரையும் தாங்கியே வந்தது. இன்று நிலைமை வேறு விதமாகச் சிக்கலாகியுள்ளது. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015இல் செர்னின் அட்லஸ், சி.எம்.எஸ். ஆய்வுக்குழுக்கள் இணைந்து எழுதிய கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். அதன் 33 பக்கங்களில் பெரும்பகுதி பெயர்ப்பட்டியலும் நிறுவனங்களின் பட்டியலுமே. அத்தகைய கூட்டாய்வில் பங்கேற்கும் ஒருவரைப் பற்றி எழுதும்போது, ‘எங்கள் துறை கண்டுபிடித்தது’ என்று போட எனக்கு உரிமையில்லை. எந்த உணரியை அவர் அளவுதிருத்தம் செய்தார், எந்தப் பகுப்பாய்வு நிரலை எழுதினார் என்று கேட்டு அதையே எழுதுகிறேன். அவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள்.

இந்த ஆண்டு மலரைத் தயாரிக்கையில் எழுந்த விவாதம் வேறு வகையானது. ஒரு காந்தப் பொருள் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் ஒழுங்கு பெறும், அதாவது அதிலுள்ள நுண்காந்தங்கள் ஓர் ஒழுங்கில் அமையும் என்று கோட்பாடு கணித்திருந்தது. எங்கள் ஆய்வு மாணவி ஒருவர் அதைக் கெல்வினின் சில நூறில் ஒரு பங்கு வரை குளிர்வித்து அளந்தும், நிலைமாற்றத்துக்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. ஆய்வேடு ஏற்கப்பட்டு, வாய்மொழித் தேர்வும் சிறப்பாக முடிந்தது. ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்பதைச் சாதனைப் பகுதியில் எப்படிப் போடுவது என்று ஆசிரியர் கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நான் ஜப்பானின் காமியோகாண்டே கருவியை எடுத்துக்காட்டினேன்: புரோட்டான் சிதைவைத் (புரோட்டான் தானாகவே வேறு துகள்களாக உடைவதை) தேடி அமைக்கப்பட்ட அந்தக் கருவி அதைக் காணவே இல்லை, காணாததால் புரோட்டானின் ஆயுளுக்குக் கீழ்வரம்பு வகுக்க முடிந்தது, புரோட்டான் அதைவிட விரைவில் சிதையும் என்று கணித்த, விசைகளை ஒன்றிணைக்கும் எளிய ஒருங்கிணைப்புக் கோட்பாடு கைவிடப்பட்டது. வெடித்த விண்மீன் ஒன்றிலிருந்து 1987 பிப்ரவரியில் வந்தடைந்த நியூட்ரினோக்களையும் அதே கருவியே பதிவு செய்தது. எங்கள் மாணவி அளந்த வெப்பநிலை வரம்பும் அப்படி ஒரு வரம்புதான். அதே பொருளை எடுத்துக்கொள்ளும் அடுத்த குழு அங்கிருந்து தொடங்கலாம்.

துறைத்தலைவர் ஒப்புக்கொண்டார். விருதுச் செய்திகளுக்கு அடுத்த பக்கத்தில், அளவீட்டு வரைபடத்தோடும் மாதிரியின் தூய்மை பற்றிய விவரத்தோடும் அந்தக் கட்டுரை வருகிறது. வரைபடத்தில் பிழைப் பட்டைகளை (அளவீட்டின் உறுதியின்மையைக் காட்டும் கோடுகளை) சிறியதாக்காமல் உள்ளபடியே அச்சிட வேண்டும் என்று மாணவி கேட்டுக்கொண்டார். அச்சகத்துக்கு அனுப்பிய கோப்பில் அவை அப்படியே இருக்கின்றன.