அமராவதியைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே: எங்கள் கல்யாண நாள் பயணம்

மூணாறுக்குப் போகக் கோவையில் இருந்து கிளம்புகிறவர்கள் பொள்ளாச்சி, உடுமலை என்று நேராகப் பிடித்து மலை ஏறிவிடுவார்கள். நாங்களும் அப்படிப் போனவர்கள்தான். இந்தக் கல்யாண நாளுக்கு மட்டும் ஊர் எதையும் குறி வைக்காமல் ஒரு ஆற்றைக் குறி வைத்துப் போகலாம் என்று முடிவு செய்தோம். அமராவதி ஆறு. மடத்துக்குளம் பக்கத்தில் என் மாமனார் நெல்லும் கரும்பும் வைக்கிறார், எல்லாம் அந்தத் தண்ணீர்தான். "அணைக்கு மேல தண்ணி எங்கிருந்து வருதுன்னு நான் போய்ப் பார்த்ததே இல்ல கண்ணு" என்று மாமா ஒருமுறை சொன்னது என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க ஒரு ஆற்றை நம்பி வெள்ளாமை செய்தவர், அது பிறக்கிற இடத்தைப் பார்க்க நேரம் கிடைக்கவே இல்லை. இந்தப் பயணத்துக்கு வாங்க என்று மாமாவையும் அத்தையையும் எவ்வளவோ கூப்பிட்டோம், "உங்க கல்யாண நாளு, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று அத்தை தீர்மானமாகச் சொல்லிவிட்டார். சரி என்று தோட்டத்தில் இருந்தே காரை எடுத்தோம்.

முதல் பாதி முழுக்கக் கிராமத்து ரோடுதான். கொழுமம், குமரலிங்கம், கல்லாபுரம் என்று ஆற்றை ஒட்டியே போகிற வழி. இரண்டு பக்கமும் தென்னை, அதற்கு நடுவே நெல் வயல், ரோட்டோரமாகக் கூடவே வருகிற வாய்க்கால். கார்த்திகை மாதம் என்பதால் எங்கு பார்த்தாலும் பச்சை. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது, முந்துவதற்கு இடமும் இல்லை, எங்களுக்கு அவசரமும் இல்லை. ஜன்னலை இறக்கிவிட்டு அந்தக் கரும்பு வாசனையோடு பின்னாலேயே போனோம். கொழுமத்தில் ஆற்றங்கரையில் இருக்கிற தாண்டேஸ்வரர் கோவிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். நிச்சயமான புதிதில் எங்கள் இருவரையும் அத்தை இங்கேதான் கூட்டி வந்தாராம், அதை இவர் சொல்லித்தான் எனக்கு ஞாபகமே வந்தது.

அமராவதி அணை 1957-ல் கட்டியது. வடகிழக்குப் பருவமழை பெய்திருந்ததால் நீர்த்தேக்கம் தளும்பிக்கொண்டிருந்தது. இந்த நீர்த்தேக்கத்தில் முதலைகள் இயற்கையாகவே முட்டையிட்டுப் பெருகுகின்றன, அதனால் வனத்துறை 1976-ல் இங்கே ஒரு முதலைப் பண்ணையும் வைத்தது. பண்ணையில் ஒரு பெரிய முதலை வாயை அகலமாகத் திறந்தபடி அசையாமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்து வைத்தால் உடம்புச் சூடு தணியுமாம், அங்கிருந்த பணியாளர் சொன்னார். அதன் மேல்தாடையில் ஒரு சின்னத் தட்டான் வந்து உட்கார்ந்தது, பிறகு சாவகாசமாகப் பறந்து போனது.

அணையில் இருந்து வெளியே வந்து மெயின் ரோட்டைப் பிடித்தால் அடுத்தது ஒன்பதாறு செக்போஸ்ட். அதைத் தாண்டினால் ஆனைமலை புலிகள் காப்பகம், வழியில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, குப்பை போடக் கூடாது. உள்ளே நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே போனில் டவர் போய்விடுகிறது. இதை நான் உண்மையிலேயே கொண்டாட்டமாகச் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் பேச ஆரம்பித்தால் இன்னொருவருக்கு ஆபீஸ் அழைப்பு வரும். இங்கே அது இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அரைகுறையாகப் பேசி விட்டுப்போன எத்தனையோ விஷயங்கள் அந்தக் காட்டு ரோட்டில்தான் முழுசாகப் பேசி முடிந்தன, பிள்ளையின் படிப்பு, அம்மாவின் மூட்டு வலி, இவர் வேலை மாறலாமா வேண்டாமா என்று எல்லாமே.

ஒரு வளைவில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. டிரைவர் கையை வெளியே நீட்டிப் பின்னால் வருகிறவர்களை நிற்கச் சொன்னார். இடது பக்கப் புதரில் இருந்து முதலில் ஒரு பெண் யானை வந்தது, அதன் வயிற்றுக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி, பின்னால் இன்னும் இரண்டு பெரிய யானைகள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை, ஒருவரும் போனைத் தூக்கிக்கொண்டு இறங்கவில்லை. குட்டி ரோட்டு நடுவில் நின்று தும்பிக்கையால் தாரைத் தடவிப் பார்த்தது, தாய் பின்னங்காலால் அதை மெதுவாகத் தள்ளிவிட்டது. அவை அணைப் பக்கம் தண்ணீருக்கு இறங்குகிற வழியாம் அது. இந்த ரோட்டில் போகிறவர்கள் தயவுசெய்து மெதுவாகப் போங்கள், இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள். அது அவற்றின் பாதை.

தமிழ்நாட்டு எல்லை முடிகிற இடம் சின்னாறு. மேற்குத் தொடர்ச்சி மலை என்றாலே மழைக்காடு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த இடம் ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் இங்கே இருப்பது முள்காடு. தென்மேற்குப் பருவமழையை ஆனைமுடிப் பக்கத்து உயர்ந்த மலைகளே வாங்கிக்கொள்கின்றன, இந்தப் பக்கம் வந்து சேர்வது வெறும் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழைதான் சின்னாறுக்கு வாழ்வு. 1984-ல் சரணாலயமாக அறிவித்த இந்தக் காட்டின் பரப்பு சுமார் 90 சதுர கிலோமீட்டர்.

இங்கே வனத்துறையே வழிகாட்டியோடு நடக்க அழைத்துப் போகிறது. எங்களோடு வந்த அண்ணன் பக்கத்துக் குடியை, அதாவது மலைவாழ் மக்களின் ஊரைச் சேர்ந்தவர், அதிகம் பேச மாட்டார், ஆனால் அவர் நின்றால் நாமும் நின்றுவிட வேண்டும். கூட்டாறு என்கிற இடத்துக்கு அழைத்துப் போனார். பாம்பாறும் சின்னாறும் ஒன்று சேர்வது அங்கேதான், சேர்ந்து கீழே போவதுதான் நம்முடைய அமராவதி. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே ஓடிக் கடலில் சேர, கபினி, பவானி, பாம்பாறு மூன்றும்தான் கிழக்கே திரும்புகின்றன. அந்த மூன்றில் ஒன்று மாமாவின் வயலுக்கு வருகிறது என்பதை அந்தக் கரையில் நின்று யோசித்தபோது எனக்குச் சிலிர்த்தது. கரை நெடுக நீர்மருது மரங்கள். அண்ணன் நின்று மேலே கைகாட்டினார். கிளைகள் பின்னிய இடத்தில் இலைக் கூடு ஒன்று, அதில் இருந்து நீண்ட வால் தொங்கியது. நரை அணில், அதாவது சாம்பல் நிற மலை அணில். ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி வெகு சில இடங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கிற உயிர். வெளியே வந்து ஒரு காயை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கொறித்தது, தோல் துணுக்குகள் எங்கள் தலையில் விழுந்தன. இவர் அதைத் தட்டிவிடக்கூட மறந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னாறில் இருந்து மறையூர் போகும் வழியில் தூரத்துப் பள்ளத்தாக்கில் தூவானம் அருவி ரோட்டில் இருந்தே தெரிகிறது, அதுவும் பாம்பாறுதான். மறையூருக்குள் நுழைந்தால் ரோட்டோரமாகக் கம்பி வேலி போட்ட சந்தனக் காடு. சந்தன மரத்தின் பக்கத்தில் போனால் மணக்கும் என்று நான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். பட்டையில் ஒரு வாசனையும் இல்லை, எல்லாம் உள்ளே இருக்கிற வைரத்தில், அதாவது நடுக்கட்டையில்தான். அதோடு இந்த மரம் தனியாக வளராது, மண்ணுக்கு அடியில் பக்கத்து மரங்களின் வேரோடு தன் வேரைச் சேர்த்து உணவை எடுத்துக்கொள்ளும்.

பாறை மேல் இருக்கிற முனியறைகளையும் பார்த்தோம். நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே மூடு கல், பெருங்கற்கால மக்களின் கல்லறைகள். ஆனால் மறையூரில் எனக்குப் பிடித்தது கரும்பு ஆலைதான். பெரிய கொப்பரையில் சாறு கொதிக்கிறது, அடுப்புக்குக் காய்ந்த சக்கையே விறகு. பாகு பதம் வந்ததும் மரத் தொட்டியில் ஊற்றித் துடுப்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டுகிறார்கள். அச்சு கிடையாது. ஒவ்வொரு உருண்டையிலும் உருட்டியவரின் விரல் தடம் பதிந்திருக்கிறது. 2019-ல் இந்த மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை அல்லவா, இவர் அங்கிருந்த பெரியவரிடம் சுண்ணாம்பு எவ்வளவு போடுவீங்க, எந்த ரகக் கரும்பு என்று பேச ஆரம்பித்தவர் நகரவே இல்லை. பேச்செல்லாம் தமிழில்தான். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களை அஞ்சுநாடு என்கிறார்கள், முன்னோர் மதுரைப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் என்று அந்தப் பெரியவர் சொன்னார்.

இரவு காந்தலூரில் தங்கினோம். நல்ல குளிர். பூண்டு வயலும் கேரட் வயலும் படிப்படியாக இறங்குகிற சரிவில் ஒரு சின்ன வீடு. கேக் எல்லாம் இல்லை. வீட்டுக்கார அக்கா கொடுத்த சூடான கஞ்சியும் பயறும்தான் எங்கள் கல்யாண நாள் விருந்து, நான் வேறு எதுவும் கேட்டிருக்க மாட்டேன்.

காலையில் மறையூருக்கு இறங்கி மறுபடி மேலே. சந்தன வாசம் இல்லாத சந்தனக் காடு முடிந்து தேயிலை ஆரம்பிக்கிறது, தலையாறு பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சைப் படுகை. லக்கம் அருவியில் இறங்கிக் காலை நனைத்தோம், பாம்பாற்றுக்குப் போய்ச் சேரும் தண்ணீர், எலும்பு வரைக்கும் சில்லிட்டது. அங்கிருந்து ராஜமலை. இரவிகுளம் தேசியப் பூங்காவின் இந்தப் பகுதிக்கு வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும், வரையாடு குட்டி போடுகிற பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். 2018-ல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-ல்தான். பூ இல்லாவிட்டால் என்ன, 2,695 மீட்டர் உயர ஆனைமுடி மேகத்தை விலக்கிவிட்டு முழுசாக எங்களுக்கு முகம் காட்டியது. இந்தப் பூங்காவில் விழுகிற மழையில் ஒரு பங்கு மேற்கே பெரியாற்றுக்கும், ஒரு பங்கு கிழக்கே காவிரிக்கும் பிரிந்து போகிறது. மேலே டவர் கிடைத்ததும் மாமாவுக்கு வீடியோ கால் போட்டோம். மலையைக் காட்டியபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "அங்க இன்னும் மழை இருக்குதா?"

மூணாறு ஊருக்குள் போகவே இல்லை, ராஜமலையோடு திரும்பிவிட்டோம். அடுத்த கல்யாண நாளுக்கு இதே ஆற்றை மறுபக்கம் பிடித்துப் போகப் பேசி வைத்திருக்கிறோம், தாராபுரம் வழியாகக் கரூர் பக்கம் காவிரியில் கலக்கிற திருமுக்கூடலூர் வரைக்கும். கரூரில் சாயக்கழிவு இந்த ஆற்றைப் படுத்திய பாட்டையும் நேரில் பார்க்க வேண்டும் என்கிறார் இவர். அந்தத் தடவை மாமாவை விடுவதாக இல்லை, அத்தையிடமும் இப்போதே சொல்லிவிட்டேன்.