பாங்காக்கில் தள்ளுவண்டியும் நானும்

பாங்காக் வந்து நான்கு நாள். இரண்டு வாண்டுகள், சின்னவளை உட்கார வைக்க ஒரு குழந்தைத் தள்ளுவண்டி. ‘அது வேண்டாம்க்கா’ என்று தங்கை அப்போதே சொன்னாள். கேட்டேனா?

தூண்கள் மேல் ஓடும் ரயிலான ஸ்கைட்ரெயின் அருமை. குளுகுளு ஏசி, நெரிசலெல்லாம் காலுக்குக் கீழே. 90 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, சின்னவள் தப்பித்தாள். ஆனால் லிஃப்ட் எல்லா வாசலிலும் இருப்பதில்லை. வண்டியைத் தூக்கிப் படியேறியே இடுப்பு போனது. நடைபாதையில் பாதி சாப்பாட்டுக் கடை, மீதி மோட்டார் சைக்கிள்.

மூன்றாம் நாள் வண்டியை அறையிலேயே போட்டுவிட்டு சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏறினோம். சின்னவளை இவர் தூக்கிக்கொண்டார். படகு நிற்பதே சில நொடிதான். அதற்குள் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கிவிட வேண்டும். டிக்கெட் கொடுப்பவர் ஹெல்மெட்டோடு படகின் வெளிவிளிம்பில் நடந்து வருகிறார்! எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கும். அந்த உத்தியோகம் பெரியவனுக்குக் கிடைத்தது. பிரதுனாமில் படகு மாறும்வரை கயிற்றை யாரிடமும் தரவில்லை.

இன்று மாலுக்குப் போகலாமா என்றால், ‘படகுலயா?’ என்கிறான்.