ஆளுக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு ஒரு கோயில்

எங்கள் வீட்டுப் பெரியவர்களில் முறையாகச் சங்கீதம் படித்தவர் ஒருவரும் கிடையாது. ஆனால் ஆளுக்கு ஒரு பாட்டு உண்டு, அந்தப் பாட்டுக்கு ஒரு கோயிலும் உண்டு. ஆத்தாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, திருப்பாவை, அரியக்குடிப் பெருமாள். அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரே ஒரு திருப்புகழ், குன்றக்குடி முருகன். அப்பச்சியின் அப்பாவான ஐயாவுக்கு அப்பர் தேவாரம், திருப்புத்தூர்த் திருத்தளிநாதர். அப்பத்தாவின் பாட்டுக்கு மட்டும் கோயில் இல்லை. அது தொட்டிலோடு சரி.

பிள்ளையார் நோன்புக்கு எங்கிருந்தாலும் ஊருக்கு வந்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். திருக்கார்த்திகை கழிந்து 21 நாளில், மார்கழிக் குளிரில் வரும் நோன்பு. நூல்திரிச் சுடரை வாயில் போட்டுக்கொள்கிற இழை எடுப்பு பொழுது சாய்ந்த பிறகுதான், பகல் முழுக்கக் கையில் இருக்கும். "அப்பச்சி இருந்தப்ப போன கோயிலெல்லாம் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடுவோம்" என்றார் ஆத்தா. சரி என்று விடியும் முன்பே காரை எடுத்தோம். ஆத்தா, நான், என் மகள். மகள் சென்னையில் ஆன்லைனில் கர்நாடக சங்கீதம் படிக்கிறாள். ராகம் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாரையும் திருத்துகிற வயசு.

அரியக்குடி, காரைக்குடியிலிருந்து கூப்பிடு தூரம். திருவேங்கடமுடையான் கோயில். தென் திருப்பதி என்பார்கள். காணிக்கை உண்டியலைச் சுமந்துகொண்டு திருப்பதிக்கு நடந்தே போய்வந்த ஒரு பக்தருக்காகப் பெருமாள் இங்கேயே எழுந்தருளினார் என்பது தலவரலாறு. மதில் மூலையில் இருக்கிற மூலைக் கருடனுக்குச் சிதறுகாய் போடாமல் உள்ளூர்க்காரர்கள் யாரும் போக மாட்டார்கள். ஆத்தாவும் போட்டார். தேங்காய் ஒரே அடியில் சிதறியதில் அவருக்கு ஏக சந்தோஷம்.

நாங்கள் விபூதி வீடு. தேவாரமும் திருவாசகமும்தான் பூசை அறையில் இருக்கும். அந்த வீட்டுக்குள் ஆண்டாள் எப்படி வந்தாள் என்றால், ரேடியோ வழியாக. ஆத்தா கல்யாணமாகி வந்த புதிதில் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், ஒரு பெரிய ரேடியோ இருந்ததாம். மார்கழி முழுக்கத் திருச்சி வானொலியில் விடியற்காலை அன்றைய பாசுரம் அன்று வரும், எம். எல். வசந்தகுமாரி குரலில். வாசலில் கோலம் போட்டுக்கொண்டே ஆத்தா அதைப் பிடித்துக்கொண்டார். நாளுக்கு ஒரு பாட்டு. ஒரு நாள் தவறவிட்டால் அந்தப் பாட்டுக்கு அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டும். "பத்தொன்பதாவது பாட்டு எனக்கு ரொம்ப வருசம் வரவே இல்லை. அன்னைக்குன்னு பார்த்து யாராவது விருந்தாளி வந்துடுவாக" என்று இன்றைக்கும் சொல்வார்.

கோயிலுக்குள் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து திருப்பாவை பாடிக்கொண்டிருந்தார்கள். ஆத்தா கூச்சப்படாமல் அவர்களோடு போய் உட்கார்ந்தார். மகள் என் காதில் கிசுகிசுத்தாள்: "நாட்டை. அடுத்தது கௌளை. அப்புறம் ஆரபி, வராளி, ஸ்ரீ. திருவையாத்துல பஞ்சரத்னம் பாடுவாங்களே, அதே அஞ்சு ராகம், அதே வரிசை." உண்மைதான். இந்த மெட்டுகளைப் போட்டவர் இதே ஊரில் 1890-ல் பிறந்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சின்ன உருப்படிகள் பாடி, விரிவான ராகத்துக்குப் போய், துக்கடா என்கிற சின்னப் பாட்டுகளில் முடிகிற இன்றைய கச்சேரி வடிவத்தை நிலைநிறுத்தியவர் என்று சங்கீத உலகம் கொண்டாடுகிற ஆள். சபா மேடைக்கு அவர் செய்தது பெரிசுதான். ஆனால் சபா வாசலையே மிதிக்காத எத்தனையோ பெண்களின் வாயில் கனராகங்கள் எனப்படும் அந்த ஐந்தையும் போட்டுவிட்டுப் போனாரே, எனக்கு அதுதான் பெரிசாகப் படுகிறது. எங்கள் ஆத்தாவுக்கு வராளி என்று பேர் தெரியாது, ஆனால் ஆழிமழைக் கண்ணா பாடும்போது குரல் தானாக அங்கே போய் நிற்கும்.

பாடி முடித்து வெளியே வந்ததும் மகள் விடவில்லை. "ஆயா, வராளியை குரு சிஷ்யனுக்கு நேரடியாச் சொல்லித்தரக் கூடாதுன்னு சொல்வாங்க. ரெண்டு பேருக்கும் சண்டை வந்துடுமாம்."

"எனக்கு ரேடியோதானே சொல்லிக்கொடுத்துச்சு. அதோட எனக்கு என்ன சண்டை?" என்றார் ஆத்தா.

அங்கே கவனித்தது ஒன்று. மகள் பாடினால் சுருதி சுத்தம், ஆனால் நாலாவது வரியில் போனைப் பார்க்கிறாள். ஆத்தாவுக்குச் சுருதி அப்படி இப்படித்தான் இருக்கும், முப்பது பாட்டும் ஒரு சொல் பிசகாமல் வரும்.

குன்றக்குடிக்குப் போகிற வழியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஐந்து நிமிடம் நின்றோம். பழைய சாமான் கடைகள் இருக்கிற தெரு. ஒரு கடை வாசலில் குழல் வைத்த கிராமபோன் இருந்தது, பக்கத்தில் 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகள் ஒரு கட்டு. ஐயா பர்மாவிலிருந்து வாங்கி அனுப்பியது இதே மாதிரி ஒன்றுதான். பாகப்பிரிவினையில் அது யார் பங்குக்குப் போனது என்பதில் பங்காளிகளுக்குள் இன்னமும் மனத்தாங்கல் உண்டு. இரும்புப்பெட்டிக்குக்கூட அவ்வளவு சண்டை இல்லை. ஐயா தமிழிசைக் கட்சி, கச்சேரியில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்பவர். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியதைத் தன் வீட்டு விசேஷம் மாதிரிப் பேசுவார். ஆனால் காரைக்குடி வீணைச் சகோதரர்கள் என்றால் மட்டும் மொழிக் கணக்குப் பார்க்க மாட்டார். அண்ணன் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார், தம்பி சாம்பசிவய்யர் மடியில் வைத்து வாசிப்பார் என்று கையால் நடித்துக் காட்டுவார். "வீணைக்கு ஏதுப்பா பாஷை?" என்பார்.

குன்றக்குடி மலை உயரம் குறைவுதான். ஆத்தாவின் முழங்காலுக்கு அது போதும். மயில் மாதிரி இருக்கிற மலை, மேலே ஆறுமுகத்தோடு சண்முகநாதர் மயில்மேல், வள்ளியும் தெய்வானையும் தனித்தனி மயில்மேல். மருது சகோதரர்கள் திருப்பணி செய்த கோயில். வயலின் குன்னக்குடி வைத்தியநாதனை உலகத்துக்குக் கொடுத்த ஊர். அருணகிரிநாதர் இங்கே வந்து பாடியிருக்கிறார். அதில் ஒரு பாட்டுதான் அப்பச்சியுடையது.

அப்பச்சிக்குப் பாட வராது, இதை அவரே சொல்வார். ஆனால் முதல் படியில் கால் வைக்கும்போது அந்தத் திருப்புகழைத் தொடங்கிவிடுவார். படிக்கு ஒரு சந்தம். மூச்சு வாங்கினால் பாட்டும் நின்று மூச்சு வாங்கும், மறுபடி விட்ட சொல்லிலிருந்தே தொடங்கும். சின்ன வயதில் எனக்கு இது பெரிய வெட்கம், நாலு படி முன்னால் ஓடிவிடுவேன். அப்புறம் ஒரு தைப்பூசத்துக்கு அவரோடு பழனிக்கு நடந்தபோதுதான் அந்தப் பாட்டு எதற்கு என்று பிடிபட்டது. செட்டிநாட்டுக் காவடிகள் குன்றக்குடியில் கூடி, ரத்தினவேலோடு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகும். காவடி எடுத்தவர்கள் திரும்பி வருவதும் நடந்துதான். இரவு நடையில் கண் சொக்கும், குதிகாலில் கொப்புளம் கட்டியிருக்கும். யாரோ ஒருவர் முன்னாலிருந்து ஒரு அடி எடுப்பார், பின்னால் வருகிறவர்கள் வாங்கிச் சொல்வார்கள். கால் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு தானாகப் போகும். குரல் நன்றாக இருக்கிறதா என்று அந்த ரோட்டில் யாரும் பார்ப்பதில்லை. நல்ல குரல்காரர் ஒருவர் ஆலாபனையில் இறங்கியபோது பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "அண்ணே, நடைக்குப் பாடுங்க, நகைக்குப் பாடாதீங்க!"

ஆத்தா படியேறும்போது அந்தத் திருப்புகழைப் பாடவில்லை. "அது அவுக பாட்டு" என்று மட்டும் சொன்னார். மகள்தான் போனில் வரிகளைத் தேடி எடுத்துப் பாடிக்கொண்டு வந்தாள். சந்தம் அவளுக்கு நன்றாகவே வந்தது. ஆத்தா அவளுக்குப் பின்னால், அவள் நிறுத்திய இடங்களில் தானும் நின்று, மெதுவாக ஏறினார்.

பிள்ளையார்பட்டியில் நோன்பு நாள் கூட்டம். கற்பக விநாயகரை எட்டி நின்று கும்பிட்டதோடு சரி. அடுத்து ஒரு கோயில், பேர் வேண்டாம். கோபுர வாசலிலிருந்து கருவறை வரை நாலு ஸ்பீக்கர் வைத்துப் பக்திப் பாடல் போட்டிருந்தார்கள். சன்னிதியில் ஒரு ஆச்சி கண்ணை மூடி ஏதோ பதிகம் தொடங்கினார். ஒரு வரி பாடினார், தன் குரல் தனக்கே கேட்கவில்லை போலிருக்கிறது, நிறுத்திவிட்டார். உதட்டை மட்டும் அசைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ரேடியோவில் பாட்டுப் படித்த ஆத்தாவின் மகள் நான், பெட்டியைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் வீட்டு வளவில் பாடும் பெட்டி கூடப் பாட ஆள் சேர்த்தது. சன்னிதியில் பாடும் பெட்டி, பாட வந்தவரின் வாயை அடைக்கிறது. பூசை நேரத்திலாவது அதை நிறுத்தி வைத்தால் சாமிக்கும் புண்ணியம்.

திருப்புத்தூர் சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். நாங்கள் போனபோது உச்சிவேளை நெருங்கிவிட்டது. உள்ளே ஒரு பெரியவர், தோளில் துண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட தேவாரப் புத்தகம், கையில் சின்னத் தாளம். புத்தகம் மூடியே இருந்தது. அவசரமில்லாமல் பாடினார். ஒவ்வொரு பாட்டு முடிவிலும் தாளத்தை உள்ளங்கையில் அமுக்கி ஓசையை நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு அடுத்ததை எடுத்தார்.

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது, கப்பல் கிடைக்காமல் கால்நடையாகக் கிளம்பியவர்களில் ஐயாவும் ஒருவர். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பேசிய கொஞ்சத்தில் ஒன்று, கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது அப்பர் பாடிய நமசிவாயப் பதிகத்தை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தது. ஊர் வந்து சேர்ந்ததும் இந்தத் திருத்தளிநாதர் முன்னால்தான் முதல்முதலாகச் சத்தம் போட்டுப் பாடினாராம். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்குப் பரீட்சை என்றாலும், ஆபரேஷன் என்றாலும், விசா என்றாலும் அந்தப் பதிகம்தான். விசாவுக்கு அப்பரைக் கூப்பிடுவது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றும், ஆனாலும் நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

பெரியவர் முடித்ததும் மகள் போய், "தாத்தா, இது என்ன பண்?" என்று கேட்டாள். அவர் பண்ணைச் சொல்லிவிட்டு, "நீ பாடுவியா?" என்றார். பாடினாள். நமசிவாயப் பதிகத்தில் முதல் இரண்டு பாட்டு. மூன்றாவதை அவரே எடுத்துக்கொடுத்தார்.

திரும்பும்போது காரில் பேச்சு அப்பத்தாவின் தாலாட்டுக்குப் போனது. "ஒன்னு பாடிக் காட்டுங்க ஆயா." ஆத்தா ஆரம்பித்தார், வரவில்லை. கை மட்டும் இல்லாத தொட்டிலை ஆட்டியது. "பிள்ளை இருந்தாத்தான் வரும்" என்றார். அந்தப் பாட்டில் பெரும்பகுதி அம்மான் கப்பலேறிப் போய் என்னென்ன கொண்டுவருவான் என்கிற பட்டியல்தான். பிள்ளை தூங்குகிற வரை சாமான் வந்துகொண்டே இருக்கும். என் மகளைத் தொட்டிலில் போட்ட பிறகு எங்கள் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. ஒப்பாரியின் கதை இதைவிட மோசம். சாவு விழாத வீட்டில் அதைப் பாடிப் பார்க்கக்கூட விடமாட்டார்கள், அதனால் யாரும் படிக்கவும் இல்லை.

சாயங்காலம் வளவில் கோலமிட்டு, ஆவாரம்பூவும் பொரியும் கருப்பட்டிப் பணியாரமும் வைத்தாகிவிட்டது. புதுத் துணியிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்த 21 நூலைத் திரியாக்கி, இழைமாவில் செருகி ஏற்றி, மூத்தவர் எடுத்துக் கொடுக்க, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு முன் எங்கள் வீட்டில் ஔவையாரின் விநாயகர் அகவல், 72 அடியும். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி வீட்டாரும் வீடியோவில் சேர்ந்துகொண்டார்கள். முதல் அடியிலேயே குழப்பம். நாங்கள் மூன்றாம் அடியில் இருக்கும்போது அங்கிருந்து இரண்டாம் அடி வந்து இடித்தது.

பெரியப்பச்சி பொறுமை இழந்தார். "ரெண்டரை மணி நேரம் முன்னாடி இருக்கிற ஊரு, அகவல்ல மட்டும் பின்னாடி வர்றீங்களே!"

"பெரியப்பச்சி, எங்க பக்கம் நீங்கதான் பின்னாடி வர்றீங்க" என்று அங்கிருந்து பதில் வந்தது.

மகள்தான் வழி சொன்னாள். அவர்கள் ஒரு அடி சொல்லி நிறுத்தட்டும், நாம் வாங்கிச் சொல்வோம், அடுத்த அடி நாம் எடுப்போம். பழனி நடையில் செய்கிற அதே வேலைதான். முழு அகவலுக்கும் வழக்கத்தைவிட இரண்டு பங்கு நேரம் பிடித்தது. பணியாரம் ஆறிவிட்டது என்று சின்னப் பிள்ளைகள் முணுமுணுத்தன. பெரியப்பச்சி முதல் இழையைக் கையில் எடுத்து, "வாங்க, சுடர் அணையறதுக்குள்ள வரிசையா வாங்க" என்றார்.