விழுந்த மரத்தைக் கணக்கில் ஏற்ற ஏழு மாதம்

கஜா புயல் 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடையில் இருக்கிறது. கடலோரம் இல்லை என்ற தைரியத்தில்தான் அன்று படுத்தோம். விடிந்து பார்த்தபோது தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. 132 மரத்தில் 97 வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பகுதி கல்லணைக் கால்வாயின் கடைமடை. புது ஆறு என்று நாங்கள் சொல்லும் அந்தக் கால்வாயில் தண்ணீர் வந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. நெல்லை நம்பிப் பிழைக்க முடியாது என்றுதான் எங்கள் தாத்தா காலத்தில் வயலை மேடாக்கித் தென்னை வைத்தார்கள். நாற்பது வருஷ மரங்கள். எங்களைப் படிக்க வைத்ததும், அண்ணனைச் சிங்கப்பூருக்கு அனுப்பியதும் அந்தக் காய்தான்.

அரசாங்கம் அந்த வாரம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். கடலோர மக்கள் 80,000 பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எதிர்க்கட்சியே முதல் நாள் பாராட்டியது. ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் புயல் கரையேறும் இரவுக்கானது. மறுநாள் காலைக்கு யாரிடமும் திட்டம் இருந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. முதல் மூன்று நாள் எங்கள் தெருவுக்கு ஒரு அதிகாரியும் வரவில்லை. ரோட்டில் கிடந்த மரங்களை ஊர்ப் பையன்களே அறுத்துத் தள்ளினார்கள். டெல்டா முழுக்க லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் போயிருந்தன. எங்களுக்குக் கரண்டு வர 31 நாள் ஆனது. அதுவரை தலைக்கட்டு வரி மாதிரி வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம். வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்து, எங்கள் சேற்றில் நின்று கம்பம் நட்ட மின்வாரிய ஊழியர்களை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நிவாரணம் வாங்கியதைத்தான் விரிவாக எழுத நினைக்கிறேன், ஏனென்றால் அடுத்த புயலிலும் இதே வரிசையில்தான் யாரோ நிற்கப் போகிறார்கள்.

மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதில் 600 மரத்துக்கு, 500 வெட்டி அப்புறப்படுத்த. நல்ல மரம் வருஷம் நூறு காய் கொடுக்கும். காய் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு வருஷ வரும்படியே ஆயிரம் ரூபாய். மரத்துக்கென்று கொடுத்த 600, நாற்பது வருஷ மரத்தின் ஒரு வருஷக் காய் விலைகூட இல்லை. மாநில அரசு மத்திய அரசிடம் ஏறத்தாழ 15,000 கோடி கேட்டு, பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதலானது 1,146 கோடி என்று செய்தியில் பார்த்தபோது, இந்த 600 எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

கணக்கெடுக்க ஆள் வரும்வரை மரத்தைத் தொடக்கூடாது என்றார்கள். வெட்டிவிட்டால் எண்ண முடியாதாம். பக்கத்துத் தோப்புக்காரர் பொறுக்கமாட்டாமல் வெட்டி எடுத்துவிட்டு, பிறகு வேர்க்குழிகளைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டு நின்றார். நாங்கள் காத்திருந்தோம். மரம் அழுக ஆரம்பித்தது. அழுகிய தென்னையில்தான் காண்டாமிருக வண்டு பெருகும், சிவப்புக் கூன்வண்டும் சேரும். தப்பி நின்ற மரங்களையாவது காப்பாற்ற வேண்டுமானால் விழுந்ததை உடனே அகற்ற வேண்டும். இதை வேளாண்மைத் துறை துண்டறிக்கையிலேயே போட்டிருந்தார்கள். ஒரு துறை எடுக்கச் சொல்கிறது, இன்னொரு துறை எடுக்காதே என்கிறது. நடுவில் நாங்கள்.

டிசம்பரில் ஆள் வந்தார்கள். இரண்டு பேர், இருவருமே வேறு மாவட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தோப்பு பார்க்க வேண்டியிருந்தது. பாவம், அவர்கள் முகத்திலும் களைப்புதான். மரம் ஒன்றன்மேல் ஒன்று கிடந்ததால் உள்ளே இறங்கவில்லை, வரப்பில் நின்றே எண்ணினார்கள். பட்டியல் ஒட்டியபோது எங்களுக்கு 61 என்றிருந்தது.

மீதி 36 எங்கே போனது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டேன்.

"ஏம்மா, அந்த மரம் நின்ன சர்வே நம்பர் உங்க தாத்தா பேர்லதான இருக்கு? அவர் ஆதார் இருக்கா?"

"தாத்தா போயி பதினோரு வருஷம் ஆச்சு சார்."

"அப்ப நான் யார் பேர்ல எழுதுறது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பட்டா மாற்றாமல் விட்டது எங்கள் தவறு. ஆனால் எங்கள் ஊரில் பாதித் தோப்புகள் அப்படித்தான் தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ கிடக்கின்றன என்பது வருவாய்த் துறைக்குத் தெரியாததல்ல. அதற்கு வழி என்ன என்று அறிவிப்பிலேயே சொல்லியிருக்கலாம். அதன் பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சித்தப்பாவின் சம்மதக் கடிதம், அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு), வங்கிப் புத்தக நகல் என்று வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒன்பது முறை போனேன். சித்தப்பா ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. பக்கத்து வீடுகளில் இதே கையெழுத்துக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனதையும் பார்த்தேன்.

யாருக்காவது பயன்படும் என்பதால் சொல்கிறேன்: மனுவை வெறுமனே கொடுத்துவிட்டு வராதீர்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். என் முதல் மனு காணாமல் போனது. இரண்டாவதில் முத்திரை இருந்ததால்தான் மூன்றாவது எழுதவேண்டி வரவில்லை. குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்த மனுவின் எண்ணும் கைகொடுத்தது.

61 மரத்துக்கான 67,100 ரூபாய் தை பிறந்து வந்தது. 36 மரத்துக்கான 39,600 ஜூன் மாதம் வந்தது. மரம் அறுக்கவும் இழுக்கவும் அதற்குள் வாங்கிய கடனுக்கே பெரும்பகுதி போனது.

கணக்கில் வராத 14 மரங்களைப் பற்றி எனக்கு இன்னும் ஆறவில்லை. அவை அன்றிரவு விழவில்லை. குருத்தைக் காற்று திருகிவிட்டிருந்தது. "நிக்குதேம்மா" என்று சொல்லி எழுத மறுத்தார்கள். குருத்து போன தென்னை பிழைக்காது, அது ஒன்றுதான் அதற்குத் தலை. கோடைக்குள் பதினான்கும் மட்டை தொங்கி மொட்டையாயின. அதற்குத் தனியாக மனு கொடுத்தேன். பதில் வரவில்லை.

இந்த அலைச்சலில்தான் தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. நாற்று வாங்கப் போன இடத்தில் சுவரில் ஒட்டியிருந்தது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு பிரீமியம் 14 ரூபாய், அதில் பாதியைத் தென்னை வளர்ச்சி வாரியமும் கால் பங்கை மாநில அரசும் கட்டும், விவசாயி கட்டவேண்டியது 3 ரூபாய் 50 காசு. காப்பீட்டுத் தொகை 1,750. எங்கள் 132 மரத்துக்கு வருஷம் 462 ரூபாய். அதைப் படித்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் தெருவில் ஒருவர்கூடக் கட்டியிருக்கவில்லை, ஏனென்றால் ஒருவரும் வந்து சொல்லவில்லை. புயல் வரும் கரையில், தென்னையைத் தவிர வேறு வழியில்லாத ஊரில், அந்தத் தாள் அலுவலகச் சுவரில் ஒட்டியபடியே இருந்திருக்கிறது.

பட்டா இப்போது அப்பா, சித்தப்பா பெயர்களில் தனித்தனியாக இருக்கிறது. மிஞ்சிய 21 மரத்திலும் அப்பா பெயிண்டில் ஒன்று முதல் இருபத்தொன்று வரை எண் எழுதிவைத்திருக்கிறார். வரப்பில் நின்று பார்த்தாலே தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதியிருக்கிறார்.